பாவக்காய்க்கு எல்.கே.ஜி.!

ஆலங்குடியில் ஆடி பிறந்தால் குழி தோண்டி, எருப் போட்டு, பாகல் விதையை ஊன்றிவிட்டு வேறு வேலை பார்ப்போம். டொரண்டோவில் இருக்கும் என் மகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏப்ரலிலேயே தயிர் டப்பாவில் மண் நிரப்பி, ஜன்னலோரம் வைத்து முளைக்கப் போடுகிறாள். மே பாதி தாண்டும்வரை உறைபனி பயம். ஒரே ராத்திரியில் கன்று கருகிவிடுமாம். (பனியில் கருகுவதா! நமக்கு வெயிலில்தான் பழக்கம்.) அப்புறமும் சட்டென்று மண்ணில் வைத்துவிட முடியாது. ஒரு வாரம், பத்து நாள், பகலில் கொஞ்ச நேரம் வெளியே, ராத்திரி வீட்டுக்குள்ளே என்று எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி பழக்க வேண்டும். அக்டோபரில் மறுபடி பனி. அதற்குள் காய்த்தாக வேண்டும்.

"கடையில விக்குதே, எதுக்கும்மா இந்தப் பாடு?" என்றேன்.

"அம்மா போனதுக்கப்புறம் நம்ம கொல்லையில பந்தலே இல்லையேப்பா" என்றாள்.

இந்த ஆடிக்கு நாலு பந்தக்கால் வெட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன்.