தோற்றவரின் கணக்கு

2016 சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்த தையல்காரர் ஒருவர், மறு ஆண்டு ஒரு நோட்டீஸோடு என்னிடம் வந்தார். தேர்தல் செலவுக் கணக்கை ஏன் தாக்கல் செய்யவில்லை என்று ஆணையம் கேட்டிருந்தது.

"தோத்தவன்கிட்ட எதுக்கு வக்கீல் சார் கணக்கு?"

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 78-ஆவது பிரிவு, ஜெயித்தவர் தோற்றவர் என்று பார்ப்பதில்லை. முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்குப் போயாக வேண்டும். தக்க காரணமில்லாமல் தவறினால் 10ஏ பிரிவு, மூன்றாண்டு தகுதிநீக்கம்.

செலவுப் பதிவேட்டைப் புரட்டினேன். அன்றாடச் செலவுக்கான வெள்ளைப் பக்கங்களில் பென்சிலால் எழுதியிருந்தார்: நோட்டீஸ் அச்சு, ஆட்டோ வாடகை, மைக் செட், டீ, பசை. மொத்தம் ரூ. 19,460. அன்றைய உச்சவரம்பு 28 லட்சம்.

"உடம்பு சரியில்லைன்னு ஒரு சர்டிபிகேட் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

"பசைக்குக் குடுத்த காசைக்கூட உள்ளபடி எழுதியிருக்கேன். இதுல பொய் எழுதச் சொல்றீங்களா?"

உண்மையைச் சொல்லி, பதிவேட்டையும் இணைத்து அனுப்பினோம். விவரம் தெரியாததைத் தக்க காரணமாக ஏற்கவில்லை. 2018 நடுவில் உத்தரவு வந்தது. 2021 ஏப்ரல் தேர்தலும் அதோடு போயிற்று.

அந்தத் தொகுதியில் முன்னணியில் வந்தவர்களின் கணக்குகளையும் பார்த்தேன். கேட்டால் யாரும் பார்க்கலாம். ரசீதுகள் அடுக்கி, தட்டச்சு செய்து, எல்லாம் வரம்புக்குள். அதே தேர்தலில்தான் பணப் பட்டுவாடாவுக்காக அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவையே தள்ளிவைத்தார்கள்!

வேட்பாளருக்காகக் கட்சி செய்த செலவும் அவர் கணக்கில் சேரும் என்று 1974-இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் 77-ஆவது பிரிவில் ஒரு விளக்கத்தைச் செருகி அதைச் செல்லாக்காசாக்கினார்கள். பிறகு அந்த விளக்கம் மாறியது. கட்சிச் செலவுக்கு மட்டும் இன்றுவரை வரம்பில்லை. அங்கே கை வைக்காத எந்தத் திருத்தமும் என்னைப் பொறுத்தவரை வெறும் காகிதம். கணக்கு உண்மையா என்றும் ஆணையம் விசாரிக்கலாம் என 2014-இல் அசோக் சவான் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் என் மேசைக்கு வந்த 10ஏ நோட்டீஸ்கள் எல்லாமே கணக்குக் கொடுக்காதவர்களுக்கு வந்தவைதான்.

உத்தரவு வந்த வாரம் தையல்காரர் பீஸ் கொண்டுவந்தார். எண்ணி வைத்துவிட்டு நின்றார்.

"ரசீது குடுங்க சார். இப்பல்லாம் எழுதி வச்சுக்கிறேன்."

என்னிடம் ரசீதுப் புத்தகம் இல்லை.