ஏடு உதிருமுன்

எழுத வல்லவராயிருந்தும் எழுதாதிருப்போர், எழுதியும் வெளியிடாதிருப்போர் என இரு சாரார் நம்மிடையே பெருகி வருகின்றனர். ஆசிரியர் ஓய்வறைகளிலே இவர்களை நாம் நாள்தோறும் சந்திக்கிறோம். பிறர் கதையிலுள்ள குறையை மிக நுட்பமாக எடுத்துக்காட்டுவார்கள். ‘நீங்கள் ஒன்று எழுதலாமே’ என்றாலோ, ‘எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் சரியாக அமையவில்லை’ என்பார்கள். மேசை லாச்சியிலே ஒரு கொப்பி ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். அதன் முதற் பந்தி இருபது தடவை திருத்தப்பட்டிருக்கும். இரண்டாம் பந்தி பிறந்தேயிராது.

இதனைக் கலைஞனின் நேர்மை என்று போற்றுவது வழக்கம். நாம் அவ்வாறு கருதவில்லை. எழுதியதைத் திருத்துபவன் தன் படைப்பை மதிக்கிறான். குறையற்றதாகும்வரை எவருக்கும் காட்டேன் என்பவனோ பெரும்பாலும் தன் பெயரையே மதிக்கிறான். அவன் அஞ்சுவது பிழைக்கு அன்று. அதனைப் பிறர் கண்டுவிடுவார்களே என்பதற்குத்தான்.

இந்த அச்சத்தை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். அவையடக்கம் என்றொரு மரபையே அவர்கள் இதற்கென வகுத்திருந்தனர். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்ட கம்பன், அத்தோடு ஏட்டைக் கட்டிவைத்துவிடவில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தான். தொடங்காமலிருப்பதற்கு அடக்கத்தைத் துணைக்கழைப்பது நம் காலத்துப் புதுமை.

1832இல் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை இவ்விடத்தில் நினைக்காமலிருக்க முடியாது. அவர் பதிப்பாசிரியரன்றோ, கதை கவிதை எழுதுவோருக்கு அவரிடம் என்ன பாடம் என்று சிலர் கேட்கக்கூடும். முற்றத் தெளியாத பணியைத் துணிந்து ஊர்முன் வைப்பது எவ்வாறு என்பதே பாடம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை உரையோடு 1885இலும், கலித்தொகையை 1887இலும் அவர் அச்சேற்றினார். அவர் கைக்கு எட்டியவை தொட்டால் நொறுங்கும் ஏடுகள். ஆண்டுதோறும் அவை அழிந்துகொண்டிருந்த நிலையைக் கலித்தொகைப் பதிப்புரையிலே உருக்கமாக எழுதியிருக்கிறார். ஐயம் யாவும் நீங்கிய பின்பே அச்சிடுவேன் என்று அவர் காத்திருந்தால், ஐயம் நீங்கியிருக்குமோ இல்லையோ, ஏடு மிஞ்சியிராது.

பிழை நேரவில்லையா? நேர்ந்தது, அது சிறு பிழையும் அன்று. பொருளதிகாரம் முழுவதற்கும் உரை நச்சினார்க்கினியருடையதே என்று அப்பதிப்பு கொண்டது. இறுதி நான்கு இயல்களுக்கு அதிலிருந்த உரை பேராசிரியருடையது என்பதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரா. இராகவையங்கார் ‘செந்தமிழ்’ இதழிலே எடுத்து நிறுவினார். நூல் அச்சாகிப் பலர் கையில் உலவியதனாலன்றோ அந்த விவாதம் எழ முடிந்தது? கட்டவிழாத ஏட்டுக்குள் உறங்கும் பிழையை எந்த அறிஞர் வந்து திருத்துவார்? சீவகசிந்தாமணியை 1887இல் வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் 1907இலும் 1922இலும் அதனைத் திருத்திப் பதிப்பித்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் நீண்ட அத்திருத்தம் தமிழுலகம் பார்த்திருக்க நடந்தது.

இன்னொன்றையும் நாம் கேட்டாக வேண்டும். ‘குறையற்ற எழுத்து’ என்பதற்கு அளவுகோல் வகுத்தவர் யார்? வீட்டில் புத்தக அலுமாரியும் மாலையில் ஓய்வும் உள்ளவனுக்கு அந்த அளவுகோல் ஓர் அலங்காரம். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவிக்கும், கடற்கரைக் குடிசையிலிருந்து வரும் மாணவனுக்கும் அது வாயிற்கதவில் தொங்கும் பூட்டு. தம் வீட்டுப் பேச்சு ஏட்டில் ஏறத் தகாதது என்று அவர்கள் எண்ணுமாறு செய்தோரில் ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. 1960களில் நிகழ்ந்த மரபுப் போரின்போது, மக்கள் மொழியில் எழுதப்பட்டவற்றை ‘இழிசனர் இலக்கியம்’ என்று பண்டிதர் சிலர் பழித்தனர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே இழந்து, யாழ்ப்பாணத்துச் சலூனொன்றிலே தொழில் செய்த டொமினிக் ஜீவா அந்த அளவுகோலுக்காகக் காத்திருக்கவில்லை. 1960இல் வெளிவந்த அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, தாமே சுமந்து சென்று விற்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். பண்டிதர் ஒப்புதல் கிடைத்த பிறகு எழுதலாம் என்று அவர் இருந்திருந்தால் நமக்கு இவற்றில் எதுவும் இல்லை.

அலட்சியத்துக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். ஒற்றுப்பிழை மலிந்த பக்கங்களைக் கண்டு பல்லைக் கடிப்பவர்கள்தாம் நாமும். எழுதும் வேளை வேறு, திருத்தும் வேளை வேறு என்பதே நாம் சொல்ல வந்தது. கதையை முடிவுவரை ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் பின்னர் சிவப்பு மையைத் தேடலாம். முதல் வாக்கியம் எழுதும்போதே பரீட்சகரைத் தோளில் ஏற்றிக்கொண்டால் பேனா நகராது. திருத்தியதையும் தனியே வைத்துப் பூசிக்காமல், இரண்டு நண்பர்களுக்காவது வாசித்துக் காட்ட வேண்டும். கேட்பவர் எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார் என்பது எந்த இலக்கண நூலிலும் கிடைக்காத செய்தி.

நம் பாடசாலைகளில் முன்னர் செழித்திருந்த கையெழுத்துச் சஞ்சிகையை மீண்டும் தொடங்குவதில் தடையொன்றும் இல்லை. ஒரே பிரதி, அச்சுச் செலவும் இல்லை. அழகான கையெழுத்துள்ள மாணவர் இருவர் படியெடுக்க, அது வகுப்புக்கு வகுப்பு கைமாறும். முதல் இதழில் ஆசிரியரும் ஒரு கதை எழுதட்டும், மற்றவர்களுடைய கதைகளின் நடுவே. வாசிப்போர் கருத்தெழுதுவதற்காகக் கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டு, ஒரு பென்சிலையும் நூலிலே கட்டிவைக்கலாம்.