கார்டு ஏறிடுச்சா?

பிப்ரவரி கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி. அந்தக் காலத்தில் பட்ஜெட் அந்த நேரத்தில்தான் வாசிப்பார்கள். பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்தில் பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி நிற்பார்கள். சிகரெட், டீசல் என்று விலைகள் வரும். அம்மாவுக்கு வேண்டியது ஒரே ஒரு செய்தி. "கார்டு ஏறிடுச்சா?" குடியாத்தத்துப் பெரியம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது அந்த மஞ்சள் அட்டை மட்டும்தான்.

கார்டு விலை ஏன் பட்ஜெட்டில் வருகிறது என்று யோசித்தது பல வருஷம் கழித்து. 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடிதம், கார்டு, புக் போஸ்ட் எல்லாவற்றுக்கும் உச்சக் கட்டணம் எழுதியிருந்தது. அதற்கு மேல் ஏற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்துக்கு வந்தாக வேண்டும். வழக்கமாக நிதி மசோதாவோடு வரும். வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ஆனாலும் அம்மாவின் கார்டுக்கு டெல்லியில் ஐந்நூற்றுச் சொச்சம் பேர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

குடியாத்தத்திலிருந்து வரும் கார்டில் சேதியெல்லாம் தமிழ்; விலாசம் மட்டும் இங்கிலீஷ். பள்ளிக்கூடம் போகும் பையன் யாரையாவது பிடித்து எழுதி வாங்கியிருப்பாள் பெரியம்மா. 'பெங்களூர்-47' என்பதன் கீழ் அழுத்திக் கோடு போட்டிருக்கும். எங்கள் போஸ்ட்மேன் கன்னடக்காரர். தமிழ் பேசுவார், உருதும் பேசுவார். தமிழ் எழுத்து மட்டும் வராது. தெருவின் பேச்சு தெரிந்த போஸ்ட்மேன் எவ்வளவு பெரிய வசதி என்பது நீலசந்திராவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் 2019 ஜூலையில் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. போஸ்ட்மேன் உள்ளிட்ட வேலைகளுக்கான தேர்வின் முதல் தாளை இந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டும் வைத்தார்கள். தேர்வு நடந்தது 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. 16-ஆம் தேதி மாநிலங்களவையில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள். அவை திரும்பத் திரும்ப ஒத்திவைக்கப்பட்டது. அன்றைக்கே அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் தேர்வு ரத்து என்றும், தமிழ் உட்பட மாநில மொழிகளில் மறுபடி நடக்கும் என்றும் அவையிலேயே அறிவித்தார். கேள்வி கேட்க ஆள் இருந்தால் இரண்டே நாளில் காரியம் நடக்கிறது.

இரண்டு அவைகளும் சேர்ந்து கோட்டைவிட்டதும் உண்டு. அந்த 1898 சட்டத்தின் 26-ஆம் பிரிவு, தபாலைப் பிடித்து வைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 1986-ல் ராஜீவ் காந்தி அரசு அதை இன்னும் விரிக்க ஒரு மசோதா கொண்டுவந்து இரு அவைகளிலும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அடுத்து வந்த நம் ராஜாமடத்துக்காரர் ஆர். வெங்கட்ராமன் 1990-ல் மறுபரிசீலனைக்கு அனுப்பினார். 2002-ல் மசோதா வாபஸானது.

அதே விஷயம் 2023-ல் புதுச் சட்டமாக வந்தது. ஆகஸ்ட் 10-ல் மாநிலங்களவையில் அறிமுகம். எட்டு நாள் கழித்துத் துறை அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் எங்கள் ஊருக்கு வந்து, அல்சூர் பக்கம் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் முப்பரிமாண அச்சு முறையில் கட்டிய தபால் நிலையத்தைத் திறந்தார். நானும் போய், கான்கிரீட் வரிவரியாகப் படிந்திருந்த சுவரைத் தடவிப் பார்த்தேன். அழகான கட்டடம். ஊரே அதைப் பேசியது. மசோதாவைப் பற்றி என்னோடு ஒருவரும் பேசவில்லை. அது நிலைக்குழுவுக்கும் போகவில்லை. டிசம்பர் 18-ல் மக்களவை அதை நிறைவேற்றியது. அதே நாளில் அந்த அவையில் 33 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 125 வருஷச் சட்டத்தை மாற்ற அது தகுந்த நாளே இல்லை.

2024 ஜூன் 18 முதல் புதுச் சட்டம் அமலில் இருக்கிறது. நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லித் தபாலைப் பிடிக்கலாம், பிரிக்கலாம். கட்டணத்தை அஞ்சல் துறையின் தலைமை இயக்குநரே ஒழுங்குமுறை போட்டு நிர்ணயிக்கலாம். அம்மா ரேடியோ பக்கம் காது கொடுத்து நின்ற அந்த வழி அடைபட்டுவிட்டது.

அந்த வருஷ டிசம்பரில், சென்னையிலிருந்து சிறுபத்திரிகை அனுப்பும் நண்பர் போன் செய்தார். கவுண்டரில், "ரிஜிஸ்டர் புக் போஸ்ட் சிஸ்டத்துலயே இல்ல சார், எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டார்களாம். புத்தகக் கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்து, 2025-ல் ரிஜிஸ்டர் தபாலும் ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப்பட்டது. மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதற்கு முன்னால் காரணத்தை அவையில் சொல்லட்டும். நண்பரைப் போன்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

தகவல் தொடர்புக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் நாடாளுமன்றத்தில் ஒரு நிலைக்குழு இருக்கிறது. அஞ்சல் துறை அதன் பார்வைக்குள் வருவது. நீலசந்திராக்காரர்கள் பெங்களூரு மத்தியத் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள், மற்றவர்கள் உங்கள் எம்.பி.க்கு. ரிஜிஸ்டர் புக் போஸ்ட்டை ஏன் நிறுத்தினார்கள், கடிதத்தைப் பிரிக்க என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்று குழு விசாரிக்கட்டும் எனக் கேளுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பே எழுதிவிடுங்கள்.