முழங்காலுக்கு மேலே

வெள்ளைக் கோலுக்குத் தரை அத்துப்படி. படிக்கட்டு, பள்ளம், நடைபாதையின் விளிம்பு என்று எல்லாவற்றையும் தட்டித் தட்டியே சொல்லிவிடும். முழங்காலுக்கு மேலே இருப்பது அதற்கு எட்டாது. தெருப்பக்கம் திறந்து கிடக்கும் ஜன்னல் கதவும், தாழத் தொங்கும் மரக்கிளையும் நேராக முகத்தில்தான் மோதும். நிற்கும் லாரியின் பின்பக்கத்துக்கு அடியில் கோல் தடையில்லாமல் போய்விடும்; கோலை நம்பி வருபவரின் நெற்றி இடிபடும்.

அப்படி ஒருமுறை அடிபட்டவர் மறுநாள் தனியாகக் கிளம்பத் தயங்குவார். கடைக்குப் போகவும் துணை தேட வேண்டியதாகிவிடும்.

டெல்லி ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பேராசிரியர் எம்.பாலகிருஷ்ணனின் வழிகாட்டலில் மாணவர்கள் சிலர் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். பார்வையற்றோருக்காகப் பணியாற்றும் சக்ஷம் அமைப்பும் உடன் நின்றது. கோலைப் பிடித்து நடப்பவர்கள் சொல்லச் சொல்லக் கருவி திருத்தப்பட்டது. 2014-இல் ‘ஸ்மார்ட்கேன்’ வெளிவந்தது. அதைத் தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். வெளிவந்தபோது அதன் விலை சுமார் 3,000 ரூபாய். இதே வேலையைச் செய்யும் வெளிநாட்டுக் கருவிக்கு அப்போது பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

பழகிய மடக்குக் கோலை யாரும் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதன் மேல்பகுதியில் கருவியைப் பொருத்திக்கொண்டால் போதும். வௌவாலைப் போல அது மீயொலியை அனுப்பி, எதிரொலிக்குக் காத்திருக்கிறது. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் கிளையில் பட்டு ஒலி திரும்பிவர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. தெருவுக்கு 3 மீட்டர், வீட்டுக்குள் 1.8 மீட்டர் என்று எல்லையை மாற்றிக்கொள்ளலாம். தடை நெருங்க நெருங்கக் கைப்பிடியின் அதிர்வு மாறும்.

ஏன் அதிர்வு? ‘பீப்’ என்று கத்தும்படி செய்வது சுலபம்தான். ஆனால் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்புகிறது, டீக்கடையைத் தாண்டியாயிற்றா, சுவர் முடிந்து சந்து வந்துவிட்டதா என்பதையெல்லாம் பார்வையற்றவருக்குக் காதுதான் சொல்கிறது. அந்தக் காதில் இன்னொரு சத்தத்தைத் திணித்தால் உதவியே இடைஞ்சலாகிவிடும். அதனால் சேதி உள்ளங்கைக்குப் போகிறது.

பேருந்து நிறுத்தத்தில் கதை வேறு. வந்து நிற்பது எந்த எண் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். அவரோ தன் பேருந்தில் ஏறிப் போயிருப்பார். இதற்காக அதே டெல்லிக் குழு ‘ஆன்போர்டு’ என்ற கருவியை உருவாக்கியது. கையடக்கக் கருவியின் பொத்தானை அழுத்தினால் வந்திருக்கும் பேருந்தின் எண் தெரியவரும். தனக்கு வேண்டிய பேருந்துதான் என்றால், அதன் வாசலருகே இருக்கும் ஒலிபெருக்கியைப் பேசவைக்கலாம். இங்கே அதிர்வால் பயனில்லை, குரல்தான் வேண்டும். வாசல் இருக்கும் திசையையும் அதுவே காட்டிவிடுகிறது. மூன்று பேருந்துகள் முன்னும் பின்னுமாக நின்றாலும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்தால், கோலின் நுனி படியில் தட்டும்.