கொல்லிமலைப் படிகளில் கற்ற பாடம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளியை அடைந்தால், கொல்லிமலை கண்முன் ஓங்கி நிற்கும். அங்கிருந்து மேலேறும் பாதையில் கொண்டையூசி வளைவுகள் 70. எங்கள் பங்கைச் சேர்ந்த தாய்மார் 22 பேர் சென்ற ஆண்டு ஒரு நாள் இவ்வழியே சிறு பேருந்தொன்றில் மலையேறினோம்.

வாரத்தில் மூன்று மாலை பங்கு மன்றத்தில் ஒன்றுகூடி உடற்பயிற்சி செய்து வருபவர்கள் நாங்கள். கைக்குழந்தையின் தாயும் உண்டு. முழங்கால் வலியுள்ள பாட்டிமாரும் உண்டு. நீரிழிவுக்கு மருந்துண்போரும் உண்டு. இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் மெலிந்த சகோதரி ஒருவரும் எங்களோடு இருக்கிறார். பயிற்சியின் முறையோ ஒன்றே. முன்னே நிற்பவர் செய்வதை அனைவரும் இருபது முறை செய்ய வேண்டும், இயலாதவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். அந்தச் சகோதரி உட்கார்ந்தபடி எங்களுக்காக எண்ணிக்கை சொல்வார். இதில் ஏதும் குறை இருப்பதாக அதுவரை எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

வளைவுகள் முடிந்ததும் காற்றே வேறாகிவிடுகிறது. மலையின் மேற்பரப்பு ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது. சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் வாழையும் மிளகும் குவிந்திருந்தன. செம்மேட்டில் கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. இம்மலையின் ஊர்த்தொகுதிகள் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று இன்றும் 'நாடு' என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றன. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இங்குத் தலைமுறை தலைமுறையாக விளைபவை. சாமையை உரலிலிட்டுக் குத்தி உமி நீக்குவது பெண்களின் கடும் உழைப்பாக இருந்தது. பின்னர் வந்த அரைவை இயந்திரங்கள் அச்சுமையைக் குறைத்தன.

விறகுச் சுமையோடு சரிவில் ஏறி வந்த மலைவாழ் பெண்களைக் கண்டு, "இவர்களுக்குப் பயிற்சி எதற்கு?" என்று எங்களுள் ஒருவர் வியந்தார். "சுமை சுமக்கும் கழுத்தும் இடுப்பும் தேய்வதை யார் அறிவார்? உழைப்பு வேறு, உடலைப் பேணுவது வேறு" என்று உடன் வந்த ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா மறுமொழி கூறினார்.

நண்பகலில் அறப்பளீசுவரர் கோயிலை அடைந்தோம். அதன் அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஏறத்தாழ 1,000 படிகள் கீழிறங்குகின்றன. படிகளின் தலைப்பில் அந்தச் சகோதரி நின்றுவிட்டார். "நீங்கள் போய் வாருங்கள். பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பாட்டிமாரும் குழந்தையின் தாயும் அவருடனேயே தங்கிவிட்டனர். மற்றவர்கள் இறங்கினோம், அய்யாற்றின் நீர் பாறையிலிருந்து பொழியும் அழகைக் கண்டு களித்தோம், மூச்சிரைக்க ஏறி வந்தோம்.

மேலே பைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. சகோதரி புன்னகையோடு, "எண்ணிப் பார்த்தேன், அக்கா. இங்கே இருந்தவர்கள் ஏழு பேர். மன்றத்திலும் உட்கார்ந்திருப்பவர்கள் இதே ஏழு பேர்தாம்" என்றார். அவர் குரலில் சினமில்லை. ஆயினும் எங்களில் எவருக்கும் விடை சொல்ல நா எழவில்லை. 22 பேரில் ஏழு பேர்! அனைவருக்கும் உரியது என்று பெருமையோடு நாங்கள் நடத்திய வகுப்பில், மூன்றில் ஒரு பங்கினர் பார்வையாளராகவே இருந்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் செவிலியர் அக்கா இம்மலையில் வாழ்ந்த ஒரு தாயைப் பற்றிக் கூறினார். எவ்லின் பிராண்டு என்பது அவர் பெயர். 1879-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், பாப்டிஸ்டு சபையினர். கணவர் ஜெசி பிராண்டுடன் இம்மலையில் குடியேறி, நோயுற்றோருக்கு மருந்தும் சிறுவர்க்குக் கல்வியும் அளித்தார். 1929-இல் கணவர் காய்ச்சலால் இறந்தார். ஓய்வு பெறும் வயதை எய்தியபோது, எழுபதை நெருங்கிய அவர் தாயகம் செல்லாது மலைக்கே திரும்பினார். 75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. போதும் என்று மகன் வேண்டியும் அவர் இசையவில்லை. இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். நடக்க இயலாத தொலைவுக்குக் குதிரைமீது சென்றார். 90 வயதைக் கடந்த பின்னும் ஊர் ஊராகச் சென்றார். 1974-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்து, இம்மலையிலேயே கணவருக்கு அருகில் துயில்கிறார்.

அவர் மகன்தான் மருத்துவர் பால் பிராண்டு. இம்மலையில் வளர்ந்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிரச் செய்தார். கத்தியின் வேலை அத்துடன் முடியும். இடம் மாறிய தசைக்குப் புதுவேலையைப் பழக்குவது பொறுமையான பயிற்சியே. தொழுநோயாளரின் கைகால்கள் சிதைவதற்கு அவர்கள் வலியுணர்வை இழப்பதே பெருங்காரணம் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். வலி உடலின் காவலன் என்பதே அவர் கற்பித்த பாடம்.

"கோல் ஊன்றியவரை உட்காரச் சொல்லவில்லை இம்மலை. அவருக்கேற்ற வழியைத் தேடிக் கொடுத்தது. நாம்தான் உட்காரச் சொன்னோம்" என்று அக்கா முடித்தார். வளைவுகள் 70-ஐயும் பேச்சின்றியே கடந்தோம்.

ஊர் திரும்பியதும் முதற்கண் எண்ணிக்கையை நீக்கினோம். இருபது முறை என்பதற்குப் பதிலாக ஒரு நிமிடம் என்றோம். அந்த நிமிடத்துள் ஒருவர் பதினெட்டு முறை செய்யலாம். மற்றொருவர் ஐந்து முறை செய்யலாம். இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிப்பர்.

அடுத்து, ஒவ்வோர் அசைவையும் மூன்று வகையாக அமைத்தோம். வலிமையுடையோர் தரையில் கையூன்றி உடலை உயர்த்துவர். அடுத்தவர் சுவரில் கையூன்றுவர். மூன்றாமவர் நாற்காலியின் கைகளைப் பற்றி உடலைச் சற்றே மேலெழுப்புவர். முழங்கால் வலியுள்ளோர்க்கு நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதே நற்பயிற்சி. வாதம் தாக்கிய தசையைக் களைப்புறும் அளவுக்கு வருத்தலாகாது. ஆதலால் சகோதரி இடையிடையே ஓய்வெடுத்து, கைகளையும் மற்றக் காலையும் வலுவாக்குகிறார். பிள்ளை பெற்ற தாய்மார் மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே சேர்கின்றனர். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவது பல தாய்மார் வெளியே சொல்லாத துன்பம். இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அதற்கு நலம் தரும். அதை உட்கார்ந்தபடியே அனைவரும் செய்கிறோம். நீரிழிவு உள்ளோர் காலணியின்றி நிற்பதில்லை. கையில் சிறிது இனிப்பும் வைத்திருப்பர். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும். பேச இயலாது மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று பொருள். கூரிய வலி தோன்றினால் நிறுத்திவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் மகப்பேறு கண்ட தாய்மார்க்கும் உடற்குறையுடன் வாழ்வோர்க்கும் தனி அறிவுரைகள் இடம்பெற்றன. வளர்ந்தோர்க்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பும், 65 வயதைக் கடந்தோர்க்கு வாரத்தில் மூன்று நாளாவது நிலைதடுமாறாமைக்கும் வலுவுக்குமான பயிற்சியும் வேண்டும் என்கிறது அது. சிறிதளவு அசைவும் அசையாதிருப்பதினும் மேல் என்றும் கூறுகிறது. மன்றத்துக்கு வரவே இயலாதோர்க்கு, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவம் இல்லத்துக்கே வருகிறது.

வாசகத் தாய்மார்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய வகுப்பு இருக்கலாம். அங்கே சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எங்கள் மன்றத்தில் இப்போது நேரம் காட்டச் சுவர்க்கடிகாரம் இருக்கிறது. பைகள் ஒரு மூலையில் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள எவரும் இல்லை.