பேர் என்ன பாஸ்?

கண்மாயில் தூண்டில் போட்டால் என்ன வரும்? கெண்டை வரும், கெளுத்தி வரும், அதிர்ஷ்டம் இருந்தால் விரால் வரும். செமஸ்டர் லீவில் மதுரைப் பக்கம் நண்பனின் ஊருக்குப் போன எனக்கு வந்தது, டைனோசருக்குத் தூரத்துச் சொந்தம்!

முழ நீளம். உடம்பு முழுக்கக் கவசம் மாதிரி எலும்புத் தகடுகள். அதன் மேல் கறுப்புக் கோலம். வாய் முகத்துக்கு அடியில் வட்டமாக, உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. தூண்டில் முள்கூட வாயில் மாட்டவில்லை. துடுப்பு ஓரத்தில் சிக்கியிருந்தது.

“பாவம்டா மாப்ள, தண்ணியிலயே விட்டுரு” என்றான் நண்பன்.

வலையைக் காய வைத்துக்கொண்டிருந்த மீன்கார அண்ணன் ஓடி வந்தார். “தம்பி, விட்டுராதீங்க! போன வாரம் என் வலையை நாசம் பண்ணுனது இதுதான்!” சிக்கிய மீனை எடுக்க முடியாமல் வலையையே அறுத்தாராம். பேர் கேட்டால், “யாருக்குத் தெரியும்? சனியன்னு வெச்சிருக்கோம்!”

விடலாமா, கூடாதா? தீர்ப்புச் சொல்ல முதலில் ஆள் யாருன்னு தெரியணுமே! ஜூவாலஜி படிக்கும் தோழிக்கு போன் போட்டேன்.

“முதுகுத் துடுப்பை விசிறி மாதிரி விரிச்சு, கம்பி எண்ணு” என்றாள். கம்பி எண்ணுற அளவுக்கு நான் என்ன தப்பு பண்ணினேன்! முதல் தடித்த முள்ளை விட்டுவிட்டு எண்ணினேன். பன்னிரண்டு.

“ஏழுன்னா ஹைபோஸ்டோமஸ்னு ஒரு பங்காளி. ஒன்பதுக்கு மேலன்னா டெரிகோப்ளிக்திஸ். இப்போ மல்லாக்கப் போட்டு வயித்தைப் பாரு. புள்ளியா, நெளிநெளியா கோடா?”

கோடுதான். தனித்தனிப் புள்ளி என்றால் பர்டாலிஸ், புழு நெளிவது போலக் கோடு என்றால் டிஸ்ஜன்க்டிவஸ். ஆனால் இரண்டும் கலந்த இனமும் உண்டு என்பதால் போட்டோவை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண மாட்டாளாம். “சொந்த ஊர் மட்டும் கன்ஃபர்ம். தென் அமெரிக்கா!”

அங்கிருந்து கண்மாய்க்கு எந்த பஸ்ஸில் வந்தது? மீன் தொட்டிக் கண்ணாடியில் விரல் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே ‘டேங்க் கிளீனர்’, அதே ஆள்தான் பாஸ்! முழ நீளம் வளர்ந்ததும் தொட்டி பத்தாது. கொல்ல மனசு வராது. ‘எங்கேயாவது பிழைச்சுக்கட்டும்’ என்று யாரோ ஏரியில் விடுகிறார்கள்.

அது சூப்பராகப் பிழைத்துக்கொள்கிறது! ஆக்சிஜன் குறைந்த அழுக்குத் தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசிக்கும். தண்ணீருக்கு வெளியிலும் பல மணி நேரம் தாங்கும். கரையில் ஒரு மீட்டர் நீளத்துக்குக்கூட வளை தோண்டி முட்டையிடும். ஆண் மீன் காவல் இருக்கும். வளை பெருகினால் கரை அரிக்கும். கண்மாய்க்குக் கரைதானே உயிர்? ஆந்திரா, மேற்கு வங்க மீனவர்களிடமும் இதே புலம்பல்தான்.

வெளிநாட்டு மீன் என்று நாம் நினைக்காததும் வெளிநாடாக இருக்கும். நம்ம குழம்பில் கொதிக்கிற ஜிலேபிக் கெண்டையே ஆப்பிரிக்கா பார்ட்டி. இந்தியாவுக்கு வந்தது 1952-ல். அதனாலும் நாட்டு மீன்களுக்கு நஷ்டம்தான். ஆனால், அதைப் பிடிக்கிறவருக்கு நாலு காசாவது கிடைக்கிறது. இவருக்குக் கிழிந்த வலைதான் மிச்சம்.

விஷயத்தைச் சொன்னதும் நண்பன் ஒன்றும் பேசவில்லை. மீனை அண்ணனிடம் கொடுத்துவிட்டோம். வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அது கேட்டா இந்த ஊருக்கு வந்தது? ஆனால், திரும்ப விட்டிருந்தால் அந்த இரக்கத்துக்கான பில்லை அண்ணனின் வலை அல்லவா கட்டும்?

தெரியாத மீன் மாட்டினால் பக்கவாட்டில், முதுகில், வயிற்றில் மூணு போட்டோ எடுங்க. தெரிந்தவர்களிடமோ மீன்வளத் துறையிலோ கேளுங்க. பேர் தெரிந்தால்தான் விடுவதா வேண்டாமா என்று முடிவு பண்ண முடியும்.

அப்புறம், உங்க வீட்டுத் தொட்டியில் டேங்க் கிளீனர் வளர்ந்துட்டா, வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுக்க முடியுமான்னு கேளுங்க. மீன் மேல் இரக்கப்படுறவங்க, கண்மாய் மேலேயும் கொஞ்சம் இரக்கப்படுங்க பாஸ்!