ஆறு ரூபாய் கூலியும் ஒரு தூரிகையும்

போபாலில் பாரத் பவன் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது அங்கே சித்தாள் வேலை பார்த்தவர் பூரி பாய். ஜாபுவா மாவட்டம், பிடோல் கிராமத்தைச் சேர்ந்த பில் பழங்குடிப் பெண். தினக்கூலி 6 ரூபாய்.

அங்கே ரூபங்கர் அருங்காட்சியகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தவர் ஓவியர் ஜெ.சுவாமிநாதன், சிம்லாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஊரில் வீட்டுச் சுவரில் வரைவதைத் தாளில் வரையும்படி பூரி பாயிடம் கேட்டார். பூரி பாய்க்கு வந்த முதல் கவலை, அன்றைய கூலி. வரைந்தாலும் காசு உண்டு என்று சுவாமிநாதன் சொன்ன பிறகே தூரிகையைத் தொட்டார். மண்ணிலும் இலையிலும் நிறம் எடுத்துப் பழகியவருக்கு, பாட்டிலில் தயாராக இருந்த வண்ணம் பெரிய ஆச்சர்யம்!

2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எனக்கோ அந்த 6 ரூபாய்தான் மனதில் நிற்கிறது. வரையும் கை அவருக்கு ஊரிலேயே வாய்த்திருந்தது. வரைய உட்கார்ந்தால் அடுப்பு எரியாதே என்ற பயத்தைத்தான் சுவாமிநாதன் போக்கினார்.

எங்கள் தெருவில் புள்ளியே வைக்காமல் வாசல் நிறையக் கோலம் போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஏழு மணிக்கு கம்பெனி பஸ் வந்துவிடும். 'சூப்பர்க்கா' என்று போட்டோ எடுக்க நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம். ஒருநாள் கூலியைக் கொடுத்து, 'உட்கார்ந்து வரைங்கக்கா' என்று சொல்லத்தான் ஆளில்லை.